மழை வந்தால் மோட்டார்

கொரட்டூரில் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டுக்கொரு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மழைக்குக் காத்திருக்க வேண்டும். மழை வலுத்துத் தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் டேங்க்குக்குள் மோட்டாரை இறக்கி, குழாயை கேட்டுக்கு வெளியே போட்டுவிடுவோம். மிச்சத்தை மழைநீர் வடிகாலும் ஏரியும் பார்த்துக்கொள்ளும். எல்லாரும் படித்தவர்கள்தான். என்னிடமே இரண்டு பட்டங்கள் இருக்கின்றன.

போன ஐப்பசியில் ஒரு மாலை அப்படி மழை பிடித்தது. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து கத்தினார். "இன்னா சார், வேடிக்க பாத்துகினு கீற? நல்ல ஓட்டம் கீது, உடு சார்!"

விட்டேன். கறுப்பாகக் கொப்பளித்து இறங்கியது. பல மாத மலச்சிக்கல் நீங்கியது போல அப்படியொரு நிம்மதி. அப்போதுதான் தெருமுனையில் என் மகள் வருவதைப் பார்த்தேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில். குதிகாலில் புதுச் செருப்பு கடித்த புண். காலையில் அதற்கு பிளாஸ்டர் ஒட்டியவனே நான்தான்.

மோட்டாரை நிறுத்த ஓடினேன். என்னுடையதை நிறுத்தி என்ன? தெரு முழுக்க மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. "தண்ணியில நடந்தாளா?"

"மழைத் தண்ணிதான் மேடம்."

"வெறும் மழைத் தண்ணியா? சரியாச் சொல்லுங்க."

சொன்னேன். வார்டே கேட்டது. பக்கத்துக் கட்டில் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த மகள் கண்ணைத் திறந்தாள். "அப்பா, அதுல நம்ம வீட்டுதும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"நல்லவேளை. மொத்தமும் எதிர்வீட்டு அங்கிளோடதுன்னு நெனச்சேன்."

சிரித்தாள். போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

தேறி வந்து, மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். அடுத்த மழையில் எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "இன்னா சார், உடலையா?"

"இல்ல. நீங்களும் போடாதீங்க. பொண்ணு வர்ற நேரம்."

"செரி சார். பாப்பா வந்ததும் சொல்லு, அப்பால போட்டுக்கறேன்" என்றார் பெருந்தன்மையாக.

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அவள் இறங்கியதும் முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

"மானத்த வாங்காதப்பா" என்றாள். ஆனால் ஏறிக்கொண்டாள். தெருவுக்குள் திரும்பும்போது மற்ற வீட்டு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன.