நான்கு நாள் யாருக்கும் தெரியவில்லை

என் தமிழ் போய்விட்டது என்பதை நான்கு நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும்தான். தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருடம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

இடது காதுக்கு மேலே, மூளையில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி. மண்டையைத் திறந்து எடுத்தார்கள். கண் விழித்தபோது மலாய்த் தாதி குனிந்து, "சாக்கிட்?" என்றாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள். கொஞ்சம் என்பதை "சிக்கிட்" என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். தாதிகள் மலாயில் கேட்கிறார்கள், நான் மலாயில் பதில் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் இதில் என்ன அதிசயம்?

சாயங்காலம் என் கணவர் வந்தார். ஜுருவில் பழைய கார் விற்கும் கடையில் வேலை. வாயைத் திறந்தால் பாதி மலாய், கால்வாசி ஆங்கிலம், மிச்சம் இருந்தால் தமிழ். "மாக்கான் பண்ணிட்டியா? தீடோர் ஓக்கேயா?" என்றார். வீட்டில் இப்படிப் பேசினால் நான் சும்மா விடமாட்டேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று பிடித்துக்கொள்வேன். அன்று, இன்னும் இல்லை என்பதை "பெலும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மனுஷன் பூரித்துப் போயிருக்கிறார். கட்டியோடு சேர்த்து டீச்சரம்மாவின் திமிரையும் டாக்டர் எடுத்துவிட்டார் என்று கடையில் சொல்லிச் சிரித்தாராம். எங்கள் ஊர்த் தமிழர்களுக்குத்தான் இப்படி ஒரு தவறு நடக்கும். எங்கள் பேச்சில் தமிழ் எங்கே முடிந்து மலாய் எங்கே தொடங்குகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

நான்காம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெரியம்மா வந்தார். படுத்ததும் படுக்காததுமாக, "எந்தப் பக்கம்மா வீடு? புள்ளைங்க எத்தன?" என்று விசாரித்தார். ஒரே மகள், கோலாலம்பூரில் வேலை என்றேன், மலாயில். அவர் இன்னொன்று கேட்டார். அதற்கும் மலாய். அவர் முகம் மாறியது. தமிழில் கேட்ட தமிழருக்கு மலாயில் பதில் வந்தால் எங்களிடையே அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய இடம் என்று காட்டிக்கொள்கிறார்கள். நானே எத்தனை பேரை அப்படித் திட்டியிருக்கிறேன்.

"தமிழச்சிதானே நீ? வாய்ல தமிழ் வராதா?" என்றார் பெரியம்மா. "இதுங்கல்லாம் புள்ளைய தமிழ் ஸ்கூலுக்கு எங்க அனுப்பியிருக்கும்லா!" சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். யாரைப் பார்த்து என்ன கேட்கிறீர்கள், நான் தமிழாசிரியை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் ஒரு சொல்லும் இல்லை. குவளைத் தண்ணீரைப் பார்த்தேன். ஆயர் என்றது வாய். என் கையைப் பார்த்தேன். தாங்ஙான். ஜன்னலைப் பார்த்தேன். திங்காப். தாதியைக் கூப்பிடும் மணியை விடாமல் அழுத்தினேன்.

மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சீனப் பெண் பட அட்டைகளோடு வந்தாள். மலாயில் கேட்டாள், எல்லாவற்றுக்கும் சொன்னேன். ஆங்கிலத்தில் கேட்டாள், கொஞ்சம் தடுமாறிச் சொன்னேன். நன்றாக இருக்கிறீர்கள் என்று பாராட்டினாள். தமிழ் ஹிலாங், தொலைந்துவிட்டது என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் பக்கத்தில் நின்ற என் கணவரிடம், தமிழில் கேட்கச் சொன்னாள். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார்.

"செர்மின் மாத்தா," என்றேன்.

"மாயின் பண்ணாதலா," என்று சிரித்தார். விளையாடாதே என்கிறார். "தமிழ்ல சொல்லு."

என் கண்ணில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. கண்ணாடியை மாட்டக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தமிழ் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் வீட்டில் பாடம் நடந்தது. வேலை முடிந்து வந்ததும் சாமானைக் காட்டி அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். கரண்டி. உப்பு. கதவு. சில சொற்கள் ஒட்டிக்கொண்டன, பல மறுநாளே போய்விட்டன. ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. அவரும் எனக்காக நல்ல தமிழ் தேடித் திணறினார். அதைப் பார்க்கப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது தலைமையாசிரியர் கூப்பிட்டார். இருவரும் போனோம். மேசையில் ஒரு விண்ணப்பப் பாரம் தயாராக இருந்தது.

"டீச்சர், ஒங்கள மலாய்ப் பாடத்துக்கு மாத்திடுறேன். அதே ஸ்கூல், அதே சம்பளம். தமிழ் கிளாஸ வேற டீச்சர் பாத்துக்குவாங்க. ஒரு சைன் போதும்," என்றார். நல்ல மனுஷர், எனக்காகத்தான் யோசித்திருக்கிறார்.

"போட்டுடுமா. செனாங்லா, ஈசியா போச்சு," என்றார் கணவர். அவர் குரலில் அத்தனை நிம்மதி.

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டால் என் வகுப்பு போய்விடும். தமிழ் வராவிட்டாலும் பரவாயில்லை என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதை மலாயில் அழகாக விளக்கியிருப்பேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பயமா இருக்கு," என்றேன்.

யார் சொன்னது என்பதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கு பயமா இருக்கு. வேணாம்."

தலைமையாசிரியர் பாரத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரிங்க டீச்சர். இன்னும் மூணு மாசம் லீவு கேட்டு எழுதுவோம். அப்புறம் பாக்கலாம்."

திரும்பும்போது கணவர்தான் கார் ஓட்டினார். லிட்டில் இந்தியா முனையில் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் கேட்டார்.

"ஆப்பரேஷனுக்கு முன்னாடியும் பயமா இருந்துச்சா?"

அன்று என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, துணி துவைக்கும் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே போனவள் நான்.

"இருந்துச்சு," என்றேன்.

"அப்ப தமிழ் இருந்துச்சேமா. ஏன் எங்கிட்ட சொல்லல?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மலாயிலும் வரவில்லை.