ஆன்ட்டி இரண்டு நாளில் பதில் எழுதுவார்

இணையதளம் ஒன்று செய்யப் போகிறோம், முதலில் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. புனேயில் எனக்குத் தெரிந்த தமிழர்கள் நடுவில், சொந்தத் தொழிலுக்கு ஒரு தளம் வைத்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் நான் ஒருத்திதான் என்பதால் வந்த மரியாதை இது. நிறம், படம், எழுத்தெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் முன்பின் தெரியாத ஆள் மாதிரி உட்கார்ந்து உங்களுக்கே ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள், அது உங்கள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள் என்பேன். பலமாகத் தலையாட்டுவார்கள். உடனே, மஞ்சள் எடுப்பாக இருக்குமா நீலமா என்று கேட்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அதைத்தான் கேட்டேன்.

விமான் நகரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி நடத்துகிறேன். விடுதி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழ்த்தளத்தில் நானும் கணவரும், பக்கத்து அறையில் மூன்று பெண்களும். அதே வீட்டின் மேல்மாடி காலியானபோது, வீட்டுக்காரரிடம் பேசி அதையும் வாடகைக்கு எடுத்து ஆறு கட்டில் போட்டேன். சென்னையிலும் கோவையிலும் படித்துவிட்டு இங்கே ஐ.டி. வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் ஆறு மாதம்தான் கஷ்டம். ஹிந்தி வராது, ஆட்டோக்காரரிடம் பேச வராது, சாப்பாடு இறங்காது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் கடையில் புளியைக் கையால் காட்டி வாங்கியவள். அந்த ஆறு மாதத்துக்கு ஒரு வீடு வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கணவர் எண்ணங்களுக்கு எதிரி அல்ல, ஆனால் கெடு வைப்பார். அடுத்த மார்ச்சுக்குள் மேல்மாடி நிறையவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னார். சரி என்றேன்.

மேல்மாடியை நிரப்பத்தான் இணையதளம். புனேயில் கேம்ப் என்ற கடைத்தெருப் பகுதியில், ஒரு செருப்புக்கடைக்கு மேலே சின்ன அலுவலகம் வைத்திருந்த ஒரு மராத்திக்காரர் செய்து தருவதாகச் சொன்னார். நாற்பது வயதிருக்கும், பொறுமைசாலி. எதைக் கேட்டாலும் 'ஹோ ஜாயேகா' என்பார், ஆகிவிடும் என்று அர்த்தம், பெரும்பாலும் ஆகியும்விடும். தளத்தில் வரவேண்டிய எழுத்தை நானேதான் எழுதித்தர வேண்டும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பணம் வாங்குகிறவர் எழுதவும் செய்வார் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஐந்து வரி போதும் என்றார். முதல் பக்கத்தில் ஒரு விமானம் இறங்குகிற மாதிரி வைத்தால் என்ன என்று கணவர் கேட்டார். அதற்கு மட்டும் அவர் 'ஹோ ஜாயேகா' சொல்லவில்லை.

இரண்டு விஷயங்களில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, தொலைபேசி எண் போடக்கூடாது. அதற்கு முன்பு வாசல் பலகையில் எண்ணை எழுதிவைத்து, பெண்கள் விடுதி என்பதைப் பார்த்துவிட்டு எவன் எவனோ கூப்பிட்டுப் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறேன். அதனால் தளத்தில் ஒரு படிவம் மட்டும் போதும், எழுதட்டும், நான் படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன். இன்னொன்று, அந்தப் படிவத்தில் பெயர், ஊர், கைபேசி எண், வேலையில் சேரும் தேதியெல்லாம் கேட்டபிறகு, கடைசியில் பெரிதாக ஒரு கட்டம் வேண்டும். 'உங்களைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?' என்பது அதற்குத் தலைப்பு. பூண்டு சாப்பிடாதவர்கள், இரவு ஷிஃப்ட் போகிறவர்கள், தனியாகப் படுக்கப் பயப்படுகிறவர்கள் எல்லாம் வந்த பிறகு சொல்வதைவிட முன்னாலேயே சொல்லிவிட்டால் நல்லதில்லையா. பெண்ணைப் பெற்றவர்களும் எழுதட்டும் என்று தமிழிலும் ஒரு பக்கம் வைக்கச் சொன்னேன். படிவத்தை அனுப்பியதும் திரையில் ஒரு வரி தோன்றும், அதற்கு என்ன போடலாம் என்றார். நானே சொன்னேன்: 'உங்கள் கடிதம் கிடைத்தது. ஆன்ட்டி இரண்டு நாளில் பதில் எழுதுவார்.' அந்த வரியில் எனக்கு ரொம்பப் பெருமை.

தளம் முடிந்த அன்று கேம்ப்புக்குப் போனோம். அவர் தம் மடிக்கணினியில் படிவத்தைத் திறந்து, என்னையே நிரப்பச் சொன்னார். என் பெயரையும் ஏதோ ஒரு ஊரையும் போட்டு அனுப்பினேன். அடுத்த நிமிடம் அதே கணினியில் கடிதம் வந்து நின்றதைக் காட்டினார். கண்ணால் பார்த்தேன், திருப்தியாக இருந்தது. யாருடைய பெட்டியில் வந்து நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை. வரும் வழியில் பேடா வாங்கிக்கொண்டு வந்து பெண்களுக்குக் கொடுத்தேன்.

அது ஜூன் மாதம். புதிதாக வேலையில் சேருகிறவர்கள் வருகிற பருவம். தினமும் காலையில் காபிக்கு முன்னால் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். வங்கிக்காரர்களும் காப்பீட்டுக்காரர்களும் எழுதியிருப்பார்கள். பெண்கள் யாரும் எழுதவில்லை. ஜூலையில் கேம்ப்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தளத்துக்கு ஆட்கள் வந்துபோகிற கணக்கை எடுத்துப் பார்த்து, நன்றாகவே வருகிறார்கள் என்றார். பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறவர்கள் மாதிரி, பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முகப்பில் இருந்த சமையலறைப் படம்தான் இருட்டாக இருக்கிறது என்று மாற்றச் சொன்னேன். பிறகு நிறத்தை மாற்றச் சொன்னேன். பிறகு கட்டில்களுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டு, மறுபடி படம் எடுத்து அனுப்பினேன். அவரும் சலிக்காமல் மாற்றிக் கொடுத்தார். அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தோம்.

தெரிந்தவர்கள் சொல்லி வந்த இருவரைத் தவிர மேல்மாடிக்கு யாரும் வரவில்லை. அவர்களும் அலுவலகத்துக்குப் பக்கம் என்று வேறு இடம் பார்த்துப் போனார்கள். மார்ச் வந்தது. கணவர் கெடுவை நினைவூட்டவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. கட்டில்களை விற்றுவிட்டு மாடிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சாம்பார் வேண்டாம், பீட்சாதான் வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்வதில் ஒரு ஆறுதல் இருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழறைப் பெண் ஒருத்தி தன்னோடு வேலை செய்கிற தோழியை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். திருச்சிப் பெண். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, துண்டைத் தேடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் இங்கதான் வரணும்னு இருந்தேன் ஆன்ட்டி. சைட்ல எழுதினேனே. ரெண்டு நாள்ல பதில் வரும்னு போட்டுது. நீங்க போடவே இல்ல."

எப்போது என்று கேட்டேன். போன ஜூலையில் என்றாள். துண்டை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய்க் கேம்ப்காரரைக் கூப்பிட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தவர் திரும்பக் கூப்பிடவில்லை, அன்று மாலையே மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாம் என்று சொன்னபோதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

நடந்தது மிகச் சின்ன விஷயம். தளம் செய்யும்போது, படிவம் வேலை செய்கிறதா என்று சோதிக்க அவர் தனியாக ஒரு மின்னஞ்சல் பெட்டி வைத்திருந்தார். எல்லா வாடிக்கையாளர்களின் சோதனைக்கும் அது ஒன்றுதான். வேலை முடிந்ததும் அந்த முகவரியை எடுத்துவிட்டு என் முகவரியைப் போட வேண்டும். மறந்துவிட்டார். அன்று நான் கண்ணால் பார்த்த கடிதமும் அந்தப் பெட்டியில்தான் விழுந்திருக்கிறது. சோதனை முடிந்த பிறகு அதை அவர் திறப்பதில்லை. திறந்திருந்தாலும் தமிழ் அவருக்குத் தெரியாது. தப்பு என்னுடையதுதான் என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். சற்றுப் பொறுத்து, நீங்களும் ஒருமுறை உங்கள் வீட்டிலிருந்து அனுப்பிப் பார்த்திருக்கலாம் என்றார். இரண்டும் நிஜம். எனக்கு அவர் மேல் வந்த கோபம் என் மேல் வந்ததைவிடக் குறைவு.

இருபத்து மூன்று கடிதங்கள் இருந்தன. மேல்மாடியை மூன்று தடவை நிரப்பியிருக்கலாம். என் கடைசிக் கட்டத்தை எல்லோரும் அக்கறையாக நிரப்பியிருந்தார்கள். ஒருத்தி நாய்க்குப் பயம் என்று எழுதியிருந்தாள். ஒருத்தி தினமும் காலையில் வயலின் வாசிப்பேன், தொந்தரவாக இருக்குமா என்று கேட்டிருந்தாள். சிரித்துக்கொண்டே படித்தேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா தமிழில் எழுதியிருந்ததற்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

தன் மகளுக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, எப்போதாவது வரும் என்று எழுதியிருந்தார். மறைத்துச் சேர்க்க மனமில்லை, கூட இருக்கும் பெண்களுக்குத் தெரிந்திருந்தால்தான் நல்லது என்று மகளே சொல்கிறாள், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவளே சொல்லித்தருவாள் என்று இருந்தது. ஒன்பது நாள் கழித்து இன்னொரு கடிதம். இடம் இல்லை என்றாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று இரண்டே வரி. இரண்டு முறையும் திரையில் என் வரி வந்திருக்கும், கடிதம் கிடைத்தது என்று.

மறுநாள் காலையில் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். யார் என்று சொல்லி, நடந்ததை விளக்கினேன். முகவரி, சோதனைப் பெட்டி என்றெல்லாம் சொன்னபோது எனக்கே சாக்கு மாதிரிதான் கேட்டது. அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நீங்க அதைப் படிக்கவே இல்லீங்களா?" என்றார்.

நேற்றுத்தான் படித்தேன் என்றேன்.

"நாங்க வேற மாதிரி நெனச்சுட்டோமுங்க. உண்மையைச் சொன்னதுனாலதான் பதில் போடலைன்னு." பிறகு சொன்னார்: "அவ இப்ப புனேலதானுங்க இருக்கறா. வேற ஹாஸ்டல்ல. அங்க சொல்லலைங்க. கூட இருக்கற புள்ளைங்களுக்கும் தெரியாது. சொல்லிட்டா இடம் கெடைக்காதுன்னு அவளே முடிவு பண்ணிப்போட்டா."

மாடி கையைவிட்டுப் போனது, கட்டில் விற்றது எல்லாம் அந்த நிமிடம் ஒன்றுமில்லாமல் போயிற்று. கீழே ஒரு இடம் காலியாகப் போகிறது, அவளுக்கென்று வைக்கிறேன் என்றேன். மகளிடம் நானே பேசட்டுமா என்று கேட்டு எண்ணை வாங்கிக்கொண்டேன்.

அன்று மதியம் அவளைக் கூப்பிட்டேன். நல்ல குரல், அவசரமான குரல். அம்மா சொன்னாங்க என்றாள். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை முகவரிக் கதையைச் சுருக்கிக்கொண்டேன்.

"பரவாயில்ல ஆன்ட்டி, இட்ஸ் ஓகே. அது எனக்கு மறந்தே போச்சு."

இடம் இருக்கிறது, வரலாம் என்றேன். இங்கேயே பழகிவிட்டது என்றாள். உன் அறைப் பெண்களில் ஒருத்தியிடமாவது சொல்லிவைக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் பக்கத்தில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"மீட்டிங் ஆரம்பிக்குது ஆன்ட்டி. அப்புறம் பேசறேன்."

படிவத்தைக் கேம்ப்காரர் வீட்டுக்கு வந்த அன்றே சரிசெய்துவிட்டார். மாதாமாதம் ஒன்றாம் தேதி, கணவரின் கைபேசியிலிருந்து நானே எனக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்க்கிறேன், வந்துவிடுகிறது. அந்தப் பெண் பிறகு கூப்பிடவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை அவள் ஏற்கெனவே தன் அம்மா கையால் எழுதி அனுப்பிவிட்டாள்.