கிழித்த தீர்ப்பின் நகல்

அன்று ஊர் கூடி நியாயம் பேசும் மந்தையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, நான், அக்காவின் புருஷன், அவருடைய தம்பி, பெரியதனக்காரர், அவரோடு ஊரில் நியாயம் பேசுகிற இரண்டு பேர். வராதவர் வக்கீல். கோர்ட்டில் தீர்ப்பு வாங்கியதோடு அவருடைய வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து நாங்கள் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் வந்திருந்தால் காகிதத்தைக் கிழிக்க விட்டிருக்க மாட்டார்.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானல் மலையில் போளூருக்கும் அப்பால், நாளைக்கு ஒரு பஸ் வந்து திரும்பும் ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். ஊரில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

அக்கா நான்கு வருஷம் புருஷனிடம் அடி வாங்கினாள். விறகுக் கட்டை, பித்தளைச் செம்பு, ஒருமுறை கொதிக்கிற கஞ்சி. ஐந்தாம் மாதத்தில் அவர் அடிவயிற்றில் உதைத்ததில் பிள்ளை வயிற்றிலேயே போனது. பிறகுதான் அவளை மலைக்குக் கீழே இருந்த கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வருஷம் வழக்கு நடந்தது. அவர் ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. விவாகரத்து ஆகிவிட்டது.

ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கோர்ட்டா எனக்குப் பொண்ணு பாத்துச்சு? ஊரு கூடிக் கட்டி வச்சது. ஊரு கூடித்தான் அறுக்கணும்" என்றார். அதனால்தான் தீர்ப்பாகி நாலு மாதம் கழித்து மந்தை கூடியது.

எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி பிரிய ஒரு வழக்கம் உண்டு. பெரியதனக்காரர் ஒரு காய்ந்த துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளி ஆளுக்குப் பாதி கையில் கொடுப்பார். அத்தோடு தீர்ந்தது. அன்றும் துரும்பைத் தேடிக் குனிந்தவர் என் கையிலிருந்த தீர்ப்பைப் பார்த்துவிட்டார்.

"துரும்பு எதுக்குப்பா? கவருமெண்டே துரும்பக் காயிதமா அனுப்பிருக்குல்ல. அதையே கிள்ளிருவோம்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். முதலில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பிறகு, நேராகக் கிழிய வேண்டுமே என்று நடுவில் மடித்து, நகத்தால் மடிப்பைத் தேய்த்து, நானே பெரியதனக்காரர் கையில் கொடுத்தேன். மேல்பாதி அக்காவுக்கு வந்தது. அதில் வழக்கு எண்ணும் இரண்டு பேர் பெயரும் ஊரும் இருந்தன. கீழ்ப்பாதி அவருக்குப் போனது. விவாகம் ரத்து என்கிற வரியும், கையெழுத்தும், வட்டச் சீலும் அதில் இருந்தன.

பத்தாவது நாள் அவர் எங்கள் உருளைக்கிழங்குக் காட்டுக்கு வந்தார். கிழங்கு தோண்டும் பருவம். பனிமூட்டத்தில் ஆள் வந்தது தெரியவில்லை, அக்காவின் சத்தம்தான் கேட்டது. தலைமுடியைக் கையில் சுற்றிப் பாத்தியோடு இழுத்துக்கொண்டு போனார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து "மாமா, விடுங்க மாமா" என்றுதான் வந்தது. மண்வெட்டிக் காம்பால் என் முழங்கையில் ஒன்று போட்டார். கை தொங்கிவிட்டது. அடுத்தது அக்காவின் வாயில். முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தன.

"ஏங்கிட்டப் பாதி இருந்துச்சுல்ல? அதுல பீடி பத்த வச்சுட்டேன். இனி நீ ஏம் பொண்டாட்டிதான்டி. எவன் கேப்பான், பாப்போம்."

இனி அவன் என்றே எழுதுகிறேன்.

கொடைக்கானலில் ஆஸ்பத்திரியில் என் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன். ஏட்டையா மேல்பாதியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"இதுல ரெண்டு பேரு இருக்கு. முடிவு எங்க இருக்கு?"

"கிழிச்சுட்டோங்க."

"யாரு?"

"ஊருல. துரும்பு கிள்ளுற மாதிரிங்க."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த ரைட்டர்தான் சிரித்தார். "பாதிக் கல்யாணம்தான் ரத்தாயிருக்குண்ணே" என்றார். அக்கா வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். துணி சிவந்திருந்தது.

"தம்பி, இது இப்பிடியே இருந்தா புருஷன் பொண்டாட்டி சண்டை. நான் கூப்புட்டு மிரட்டி அனுப்பலாம், அவ்வளவுதான். கோர்ட்டுல போயி சீல் வச்ச நகல் வாங்கியா. அத வச்சு ஆளத் தூக்கி உள்ள போடுறேன்" என்றார் ஏட்டையா.

வக்கீலின் குமாஸ்தா, நகல் எடுத்துக் கொடுக்க நாற்பது ரூபாய் கேட்டார். மனுவெழுத எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். இடது கைக்குத்தான் கட்டு, வலது கை நன்றாக இருந்தது. நானே எழுதி, கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டி, வழக்கு எண் போட்டு நகல் பிரிவில் கொடுத்தேன். வாங்கியவர் என் கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். எழுதிக் கொடுத்தால் பதில் தபாலில் வரும் என்பதுதான் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது.

வாரம் இரண்டு நாள் எங்கள் ஊருக்குத் தபால்காரர் வருவார். மூன்று வாரம் அவருக்காகக் காத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் எங்கள் ஓட்டின்மேல் கல் விழாத நாள் குறைவு. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், எங்கள் ஆட்டுக்குட்டி கழுத்தறுபட்டு வாசலில் கிடந்தது. அக்கா காட்டுக்குப் போகும்போது கிழங்கு தோண்டும் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வீட்டிலும் அதைக் கீழே வைக்கவில்லை.

மறுபடி கீழே போனேன். நகல் பிரிவில் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காப்பி பேப்பர் கட்டச் சொல்லி போர்டுல ஒட்டுனோமே, பாக்கலயா? கெடு முடிஞ்சு மனு தள்ளுபடி ஆயிருச்சு."

"தபால்ல சொல்லுவீகன்னு இருந்துட்டேங்க."

"கோர்ட்டு யாருக்கும் லெட்டர் போடாது தம்பி. போர்டுல ஒட்டும். பாக்குறவன் பாத்துக்கிறணும்."

தீர்ப்பு எத்தனை பக்கம் என்று எண்ணி, அதற்குத் தேவையான முத்திரைத் தாளை இத்தனை நாளைக்குள் கட்டு என்று வெளியே பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே வெற்றிலை விற்றவருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

புது மனு கொடுத்தேன். இந்த முறை மலையேறவில்லை. ஒரு வெங்காய மண்டியில் ஒற்றைக் கையோடு மூட்டை தைக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கேயே தங்கினேன். வெள்ளனே ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பலகையைப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் எண் வந்தது. அன்றே தாளைக் கட்டினேன். அதற்கு அடுத்த வாரம் நகலை ஒப்பிடும்போது நான் வெளியே ஜன்னலோரம் நின்றிருந்தேன். ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்த நகலில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எதிர்மனுதாரர் மனுதாரரை விறகுக் கட்டையால் அடித்தும், கமா, கொதிக்கும் கஞ்சியை ஊற்றியும், கமா, கர்ப்பமாயிருந்த நிலையில் அடிவயிற்றில் உதைத்தும்."

"உதைத்துமா, உதைத்தா?"

"உதைத்தும். கமா. டீ சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. மேல படி."

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அன்று மந்தையில் அப்படித்தான் வாசித்தேன். எழுத்துப் பிழையில்லாமல் வாசிக்கிறோமா என்பதுதான் என் கவலையாக இருந்தது. அக்கா எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நகல் கையில் கிடைத்தது. 'உண்மை நகல்' என்ற முத்திரை, சீல், கையெழுத்து, எல்லாம் இருந்தன. சட்டைக்குள் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக மலையேறினேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் முட்டைக்கோஸ் லாரியின் கிளீனர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"ஏலே, நீ இங்கயா நிக்கிற? வெரசா ஸ்டேஷனுக்கு ஓடு. ஒங்கக்கா மாப்பிள்ளயக் கொத்திருச்சு. அந்த ஆளு ஆஸ்பத்திரில, அது ஸ்டேஷன்ல கெடக்கு."

அன்று காலையில் அவன் கதவை உதைத்துத் திறந்திருக்கிறான். அப்பா காட்டுக்குப் போயிருந்தார். குறுக்கே வந்த அம்மாவை மிதித்ததில் விலா எலும்பு முறிந்துவிட்டது. அக்காவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதியிருக்கிறான். அவள் இடுப்பிலிருந்த கொத்தை உருவி அவன் தொடையில் இறக்கிவிட்டாள். எடுத்து, திரும்பவும் இறக்கியிருக்கிறாள். அவன் தம்பி லாரியில் அவனை ஏற்றிக்கொண்டு போய், கட்டிய புருஷனைக் கொல்லப் பார்த்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஸ்டேஷனில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. சேலையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. பாதிக்குமேல் அவனுடைய ரத்தம். ஏட்டையா எழுதிக்கொண்டிருந்தார். நான் நகலை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். அவ்வளவு நேரமும் அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஜெயிலுக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பது அதில் இருந்தது.

"தீர்ப்பு ஆயி ஆறு மாசமாச்சா?"

"ஆமாங்க."

"அப்ப அந்த வீட்டுக்குள்ள அவனுக்கு என்ன சோலி?"

அவர் எழுதிய தாளில் 'கணவர்' என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு மேலே 'வெளியாள்' என்று எழுதினார். நான்கு இடங்கள். பிறகு புதுத் தாள் எடுத்தார். அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்தது, கிழவியை மிதித்தது, கழுத்தை நெரித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

"எந்திரிச்சு பெஞ்சுல உக்காரும்மா" என்றார்.

"இங்கனயே இருக்கேங்க" என்றாள் அக்கா. பற்கள் போனதால் அவள் பேச்சில் காற்று கலந்திருந்தது. "ஆளு செத்துருவானா?"

"சாக மாட்டான். நொண்டுவான்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு அது போதுமா, போதாதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அவனைப் பிடித்தார்கள். அக்கா தற்காப்புக்குச் செய்தாள் என்று எழுதி, அன்று சாயங்காலமே அவளை விட்டுவிட்டார்கள். கிளம்பும்போது நகலைத் திரும்பக் கேட்டேன். ஏட்டையா அதைக் கேஸ் கட்டில் நூல் கோத்துச் சேர்த்துவிட்டிருந்தார்.

"இது கோர்ட்டுக்குப் போகணும் தம்பி. ஒங்களுக்கு வேணும்னா இன்னொரு காப்பி போட்டுக்கங்க."

"வேணும்" என்றாள் அக்கா, எனக்கு முன்னால்.

அடுத்த வாரம் மூன்றாவது மனு கொடுக்கப் போனேன். அக்காவும் கூட வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பலகையில் எங்கள் எண் எப்படி இருக்கும் என்று தன் உள்ளங்கையில் எழுதச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஐந்து நாள் மண்டியில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு, காலையும் மாலையும் அவளே போய்ப் பார்த்தாள். ஆறாம் நாள் மூட்டைகளுக்கு நடுவே என்னைத் தேடிவந்து, "வந்துருச்சுடா" என்றாள்.

மூன்று மனு, வில்லை, முத்திரைத் தாள், பஸ், ஆஸ்பத்திரி, கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆயிற்று என்று அப்பா கேட்டார். விதைக்கு வைத்திருந்த மலைப்பூண்டு முழுவதையும் விற்றும் போதவில்லை. மீதிக்கு அக்கா கிழங்குக் காட்டில் கூலிக்குப் போனாள். மொத்தம் முன்னூற்றுப் பதினெட்டு ரூபாய் நாற்பது காசு.