சீமைக் காரின் பேச்சுக்குழாய்

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி இல்லை. சின்ன வயதில் சொன்ன பொய்களெல்லாம் அன்று மாலைக்குள்ளேயே பிடிபட்டு, முதுகில் இரண்டு விழுந்து தீர்ந்தவை. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எட்டு வயதில், ஒரு கோடை விடுமுறை முழுக்க அதைச் சொன்னேன். அதுவும் செத்துப்போன ஒருவனின் பேரில் சொன்னேன்.

திருப்பூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அத்தையுடையது. என் அப்பாவின் அக்கா. மாமா பனியன் கம்பெனி வைத்து மேலே வந்தவர். ஜமீன்களெல்லாம் ஒழிந்து, அரண்மனைக்காரர்கள் தொங்குவிளக்கு முதல் கட்டில் வரை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தெற்கே அப்படியோர் அரண்மனைக்குப் போன மாமா, திரும்பும்போது சீமையில் செய்த ஒரு காரில் வந்து இறங்கினார். யுத்தத்துக்கு முந்தின வண்டி. கன்னங்கரேலென்று, எங்கள் வீதி கொள்ளாத நீளம். வண்டியோடு அதன் டிரைவரும் வந்துவிட்டார்.

“எஞ்சினை ஒரு கம்பெனி செய்யும், உடம்பை வேற பட்டறையில செய்வாங்க. ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிறாப்புலதான்” என்று அவர் தெற்கத்திப் பேச்சில் விளக்குவதைக் கேட்க வீதியே கூடும். டிரைவர் உட்காரும் முன்சீட்டுக்குத் தோல். எசமான் உட்காரும் பின்சீட்டுக்கு ஆட்டு ரோமத்தில் நெய்த துணி. தோல் மட்டம், துணி உசத்தி என்பது வெள்ளைக்காரன் கணக்கு. மாமா வண்டியை வாங்கியதே அந்தத் துணிக்காகத்தான் என்று நினைக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்கு எஞ்சினைக் காட்டமாட்டார். பின்கதவைத் திறந்து, சீட்டைத் தடவிப் பார்க்கச் சொல்வார். நம்ம மெஷின் எதிலும் இப்படி ஒரு துணி வராது என்று அவர் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பொறாமைகூடத் தெரியும்.

முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடி. எசமான் பேசுவது டிரைவர் காதில் விழக்கூடாதாம். கண்ணாடிக்குப் பட்டுத் திரை வேறு. அப்படியானால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு பேச்சுக்குழாய் இருந்தது. பின்னால் இருப்பவர் அதன் முனையை வாயருகே வைத்துப் பேசினால், டிரைவரின் காதோரம் விரிந்திருக்கும் அதன் மறுவாயில் கேட்கும். முன்னாலிருந்து டிரைவர் பேசினால் பின்னாலும் கேட்கும். சீமையிலேயே இப்போது துரைமார்கள் தாங்களே ஓட்டிக்கொள்கிறார்கள், குழாய் வைப்பதை விட்டுவிட்டார்கள் என்று டிரைவர் வருத்தப்படுவார்.

அந்தக் குழாய்க்கு அத்தை மகன்தான் எசமான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனைத்தான் நான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. சரியான கோள்மூட்டி. எங்கே போனாலும் அவன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இருக்கும் அத்தையிடம் குழாயில் பேசிக்கொண்டே வருவான். சௌக்கியமா, சோறு தின்றாயா என்று இரண்டு பேரும் ஏதோ வெளியூரில் இருப்பவர்கள்போல விசாரித்துக்கொள்வார்கள்.

கொமரலிங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவனுக்குத் தொண்டையடைப்பான் கண்டது. குரலே போய்விட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அத்தை குழாயை அவன் வாயருகே பிடித்து, டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசு சாமி என்று கெஞ்சிக்கொண்டே போனாளாம். விளையாட்டு ஆசையிலாவது குரல் வராதா என்று. டிரைவர் காதில் விழுந்தது இழுத்து இழுத்து விட்ட மூச்சு மட்டும்தான். ஆஸ்பத்திரி வாசலில் அதுவும் நின்றுவிட்டது.

ஒரு மாதத்தில் டிரைவர் ஊருக்குப் போய்விட்டார். காலி வண்டியை எடுத்தாலும் குழாயில் மூச்சு கேட்கிறது என்று சொன்னாராம். மாமா வண்டியைக் கம்பெனிச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார். அத்தை சோற்றை வெறுத்தாள். பேச்சு, தலைவாருவது, கோயில் எல்லாம் நின்றுபோயின.

கொட்டகையின் பின்பக்கத் தகரம் ஒன்று பெயர்ந்திருந்தது பெரியவர்களுக்குத் தெரியாது. புளி கொட்டையெடுக்க அம்மா என்னைத் தேடும் மத்தியான நேரங்களில் நான் அதன் வழியாக நுழைந்து காரின் முன்சீட்டில் படுத்துக்கொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் மெஷின்கள் இரைந்துகொண்டிருக்கும். கார்க் கதவைச் சாத்தியதும் அந்த இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். அப்படியொரு அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் மூச்சே எனக்கு இன்னொருவருடையதுபோலக் கேட்கும். பயமாக இருக்கும். ஆனாலும் மறுநாள் போவேன்.

ஒருநாள் கொட்டகைப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. நான் சீட்டில் ஒட்டிக்கொண்டேன். பின்கதவு திறந்து மூடியது. நடுக்கண்ணாடியின் திரை இறங்கியிருந்ததால் யாரும் யாரையும் பார்க்கமுடியாது. பிறகு என் காதுக்குப் பக்கத்திலேயே, தொட்டுவிடும் தூரத்தில், அத்தையின் குரல் கேட்டது.

“சோறு உண்டாச்சா கண்ணு?”

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே சொல்லிக்கொடுப்பது ஒன்றுண்டு: பெரியவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். ‘ங்க’ போட்டுச் சொல்ல வேண்டும். யோசிக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது.

“உண்டாச்சுங்க.”

நான் செத்தேன் என்று நினைத்தேன். பிறகு நடுங்கும் குரலில் அத்தை கேட்டாள், என்ன சாமி உண்டாய் என்று. பருப்புஞ் சோறுங்க என்றேன். தொண்டை இப்போது வலிக்கிறதா என்றாள். அப்போதுதான் அவள் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. இறங்கி ஓட வழியில்லை. உண்மையைச் சொன்னால் முதுகுத்தோல் உரியும். “இல்லீங்கம்மா” என்றேன். குழாய் என் குரலை அமுக்கிக் கரகரப்பாக்கியது. எனக்கே அது அவன் குரல்போலத்தான் இருந்தது.

அன்று இரவு அத்தை இரண்டு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டாள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் மறுநாளும் போனேன். ஒரு வாரத்தில் அவள் தலைவாரினாள், பூ வாங்கினாள். சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று மாமா மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். முருகனுக்குக் கிடைத்த பெயரில் பாதி எனக்கு வரவேண்டியது. வெளியே சொல்ல முடியாதே என்று எனக்கு உள்ளுக்குள் குறையாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் அத்தை குழாயில் சொன்னாள்: “நீ சொன்னாப்பலயே பம்பரம் அட்டாலி மேல, பழைய அண்டாவுக்குள்ளதான் கெடந்துச்சு சாமி. எடுத்து வெச்சுட்டேன்.”

நான் பம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவனுக்குப் பம்பரம் இருந்ததோ, அது பரண்மேல் கிடந்ததோ எனக்குத் தெரியாது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சாமிப் படத்துக்கு முன்னால், தூசு துடைத்த ஒரு சிவப்புப் பம்பரம் இருந்தது. நான் இல்லாத வேளையில் அந்த முன்சீட்டில் யார் உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள்? என்னை வைத்துக்கொண்டே எனக்குப் பின்னாலிருந்து யாராவது பேசுகிறார்களா? அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அம்மா அத்தையைப் பற்றி அப்பாவிடம், “நங்கை ரெண்டு நாளாச் சோறே உங்கலையாமுங்க. பழையபடி ஆயிருச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்தை விழுங்கிக்கொண்டு, அத்தை வருவதற்கு முன்பே போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன். சீட்டில் எனக்கு வலப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்தேன். யாராவது இருந்தால் இருக்கட்டும் என்று.

அத்தை வந்தாள். பின்சீட்டுக்கு முன்னால் மடக்கி வைக்கும் மரப்பலகை ஒன்று உண்டு; அதில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. இந்தமுறை சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

“ரெண்டு நாளா எங்க சாமி போன? உன்னைய உட்டுட்டு என்னால ஆகறதில்ல. நான் உங்கிட்டயே வந்தரட்டுமா கண்ணு?”

செத்தவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் வரட்டுமா என்கிறாள் என்று புரிந்தது. அது கொமரலிங்கத்துக்குப் போவதுபோல ஒரு பயணம் என்று அந்த வயதில் எண்ணியிருந்தேன். டிரைவர்கூட இல்லையே, எப்படிப் போவாள் என்றும் யோசித்தேன். அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்தது. இவள் அங்கே போனால் அவனைப் பார்ப்பாள். பார்த்ததும் குழாய்ப் பேச்சை எடுப்பாள். நான் பேசவே இல்லீங்கம்மா, அவதான் பேசியிருப்பா என்று அந்தக் கோள்மூட்டி என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவான். செத்தும் அவன் புத்தி மாறியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

“வேண்டாங்கம்மா” என்றேன்.

“ஏன் சாமி?”

“நானே வந்து கூப்படறனுங்க. அதுவரைக்கும் நீங்க வரப்படாதுங்க.”

“எப்பக் கூப்புடுவ?”

எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட நினைத்தேன். “உங்களுக்குத் தலையெல்லாம் வெள்ளையா நரைச்சதுக்கப்பறமுங்க.”

அந்தப் பக்கம் அத்தை அழுதாள். குழாய் வழியாக அழுகையைக் கேட்பது பேச்சைக் கேட்பதுபோல இல்லை. என் காதுக்குள்ளேயே யாரோ அழுவதாக இருந்தது. கடைசியில், “செரி சாமி” என்றாள்.

அதற்குப் பின் அவள் அந்தக் காரில் ஏறவில்லை. மாமா அதை விற்றுவிட்டார். அத்தை எனக்குச் சீர் செய்தாள், என் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டினாள், தலை பஞ்சாக வெளுத்த பிறகும் பல வருடம் இருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவேயில்லை. நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்கவும் வரவில்லை. அதை நினைத்து இப்போதும் வருத்தப்படுகிறேன்.

அன்று ‘செரி சாமி’ என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனதும் தகரச் சந்து வழியாகப் பார்த்தேன். அத்தை வெள்ளி டம்ளரிலிருந்த பாலைக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் கொட்டினாள். நக்கவந்த பூனையைக் கல்லெடுத்து அடித்தாள்; எறும்புக்கும் அரிசி போடுகிற அத்தை. அப்புறம் கையாலேயே குழி பறித்து, டம்ளரையும் அதில் போட்டு மூடினாள். எனக்கு ஒரு வாய் கொடுக்காமல் அத்தனை பாலையும் வீணாக்கிவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. நேராக வீட்டுக்கு ஓடி, பாலையும் பூனையையும் டம்ளரையும் ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னேன். சோறு பொங்கிக்கொண்டிருந்த அம்மா, கரண்டியைப் போட்டுவிட்டு, செருப்புக்கூட இல்லாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். வெள்ளி என்றால் அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டே, அடுப்பில் கருகிக்கொண்டிருந்த சோற்றை நான் இறக்கி வைத்தேன்.