ஏலம் கேட்க ஆளில்லாத இதழ்

வாழைக்குலைக்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் கிடந்தது ஒரு மாத இதழ். மாமியை நினைத்தால் இன்றும் முதலில் அதுதான் கண்ணில் வருகிறது. அருமனைக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்குள் இருக்கும் எங்கள் சபையில் அன்று அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து ஆலயத்துக்குள் பெரிய மேசையில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை முற்றத்துக்கு எடுத்து வந்து ஏலம் விடுவார்கள். மரச்சீனிக் கிழங்கு வரும், தேங்காய் வரும், தேன் குப்பி வரும். அச்சடித்த காகிதம் வந்தது அந்த ஒரு முறைதான்.

மாமி என் அப்பாவின் தங்கை. மாமா குவைத்தில் இருந்ததால் தோட்டம் அவள் பொறுப்பு. காலையில் வெட்டிய ரப்பர் பாலைத் தட்டுகளில் ஊற்றி ஆசிட் கலந்துவிட்டால், அது உறையும்வரை வேறு வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் வாசிப்பாள். ஓர் இலக்கியக் காலாண்டிதழ், அரசியல் பேசும் ஒரு மாத இதழ், ஒரு மலையாள வார இதழ், மூன்றுக்கும் சந்தா கட்டியிருந்தாள். மூன்றிலும் ரப்பர் ஷீட்டின் நெடி ஏறியிருக்கும். இந்த வயதில் என்ன பரீட்சை எழுதப் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் கொடுத்தனுப்பும் சினிமாப் படம் போட்ட வாரப் பத்திரிகைகளை அவள் அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்தினாள். எந்தப் பத்திரிகை கைக்கு வந்தாலும் முதலில் வாசகர் கடிதத்தைத்தான் பிரிப்பாள். தன்னைத் திட்டி வந்த கடிதத்தைத் தானே அச்சிடுகிற பத்திரிகையாக இருந்தால் சந்தா கட்டுவாள், இல்லையென்றால் கிடையாது. நானும் இன்றுவரை அப்படித்தான் பத்திரிகையைத் தேர்ந்தெடுக்கிறேன்.

அந்த ஆண்டு மாமியே எழுதினாள். எங்கள் ஊருக்குப் பின்னால் இருந்த குன்றை உடைத்து லாரி லாரியாகக் கல் கொண்டுபோனார்கள். வெடி வைக்கும்போதெல்லாம் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன, கிணறுகள் வற்றின. லாரிகள் எங்கள் சபைச் செயலாளருடையவை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வாய் திறக்காத இந்த விஷயத்தை, அவர் பெயரையும் தன் பெயரையும் போட்டு அந்த மாத இதழுக்கு எழுதினாள். நான்கு பக்கத்தில் வந்தது. என் முதல் விளைச்சல் இதுதான் என்று சொல்லி வாழைநாரில் கட்டி மேசையில் வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தவர்கள் அதை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டார்கள். ஏலம் முடியப்போகும் நேரத்தில் மாமி உள்ளே போய் அதை எடுத்து வந்து ஏலம் விடுபவரின் கையில் கொடுத்தாள். இதெல்லாம் காணிக்கையில் சேராது என்றார் செயலாளர். மாமி குரலை உயர்த்தவில்லை.

"எனக்க தோட்டத்துத் தேங்காய ஏலம் போட்டீங்கல்லா? எனக்க கையில வெளஞ்சதுக்கு மட்டும் என்ன கொறவு?"

ஏலம் விடுபவர் வேறு வழியில்லாமல் ஒரு தரம் என்றார். பிறகு இரண்டு தரம் என்றார். அத்தனை பேரும் சேவலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் கேட்கவில்லை. கொண்டுவந்தவரே எடுத்துப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"ஆண்டவருக்குக் குடுத்தத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகப்பிடாது. அங்கினயே கெடக்கட்டு" என்று சொல்லி, பழையபடி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சபைக் கமிட்டி இங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டது. ஏலம் போகாத காணிக்கை எங்கள் சபையில் அதுவரை இருந்ததே இல்லை. அதை என்ன செய்வதென்று எந்த விதியும் சொல்லவில்லை. முதற்பலனைத் தூக்கி வெளியே எறிய செயலாளருக்கே தைரியம் வரவில்லை. மணியடிக்கும் கோயில்பிள்ளை மேசையைத் துடைத்தார், இதழைத் தொடவில்லை. புதன்கிழமை ஜெபத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக மேசைப் பக்கம் போய் நின்று வாசித்தார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் வழக்கத்தைவிட நீண்டது. அடுத்த ஞாயிறு நான் பார்த்தபோது அந்த நான்கு பக்கங்களிலும் தேங்காயெண்ணெய் விரல்கள் பதிந்து அழுக்கேறியிருந்தன. மற்ற பக்கங்கள் புதிதாகவே இருந்தன.

நானும் வாசித்தேன், ஏலத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்போது சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன், என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அந்தச் செயலாளர்தான் கையெழுத்திட வேண்டும். அந்த ஆண்டே கையெழுத்திட்டார். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். மாமி என்னிடம் கோபப்படவே இல்லை. ஒரே ஒரு முறை, தட்டில் பால் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ கேக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும் பிள்ளே. வேல வேணும்லா." அவள் திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

மாமி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. குன்று இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம் இருக்கிறது. காகிதத்தில் வாசிக்க இனி யார் இருக்கிறார்கள், எல்லாம் கைபேசியில் வருகிறதே என்று ஆசிரியர் அறையில் என்னைக் கேட்கிறார்கள். எதைத் திட்டினாலும் மறுநாளே அழித்துவிட முடிகிற வசதி அதில் இருக்கிறது. எனக்கு அந்த வசதி வேண்டாம்.

சபையின் நூற்றாண்டு மலருக்கு மாமியைப் பற்றி எழுதித் தரும்படி புதிய கமிட்டி கேட்டது. பக்தியுள்ள பெண்மணி, பாட்டுக்குழுவில் நன்றாகப் பாடுவார் என்கிற மாதிரி எழுதினால் போதும் என்றார்கள். மேலே இருப்பதை எழுதிக் கொடுத்தேன். குன்றையும் ஏலத்தையும் பற்றிய பத்திகளைச் சிவப்பு மையால் அடித்து, மீதியை மட்டும் போடலாமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தலைமையாசிரியை பதவிக்கு வரும் ஜூனில் என் பெயர் போகிறது, அதை முடிவு செய்வதும் அதே கமிட்டிதான். அடித்த பத்திகள் அனைத்தையும் அப்படியே சேர்த்து உங்கள் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். புனைபெயர் வேண்டாம். என் பெயரையே போடுங்கள், பள்ளியின் பெயரையும்.