கூழ் ஊற்றும் நேரத்தில் போட்ட இசைத்தட்டு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், முன்னது பின்னதாகவும் சொல்லிவிடுவேன். பல விஷயம் மறந்தே போய்விட்டது. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். நாலு பேர் எதிரில் வாயைத் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான், சொல்லு சொல்லு என்று நச்சரித்த மகளிடம், எழுதியே தந்துவிடுகிறேன் என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் தானே பாட்டு கட்டி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. சினிமாப் பாட்டு இல்லை. எந்தக் கம்பெனியும் கூப்பிட்டுப் பாடச் சொல்லவும் இல்லை. இப்போது பிள்ளைகள் ஆல்பம் ஆல்பம் என்கிறார்களே, அது மாதிரி அவருடைய பாட்டு நாலு, முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக, கறுப்பாக இருக்கும். எங்கள் தெருவில் ரிக்கார்டு என்று சொல்வோம்.

அப்போது பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். நெய்தது கோர்வைப் பட்டுப் புடவை. அதில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும் என்பதால் ஒரு தறிக்கு இரண்டு பேர் தேவை. அவர் தறிக் குழிக்குள் காலை விட்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். நான் அவருக்கு வலதுகைப் பக்கம். குறுக்கு நூல் வைத்த நாடாவை அவர் என் பக்கம் விடுவார். நான் வாங்கி, கரை நூலோடு கோத்துத் திருப்புவேன். கோத்தாயிற்று என்பதற்கு அடையாளமாக 'ம்' என்று ஒரு குரல் கொடுப்பேன். அதைக் கேட்டதும் அவர் இழை நெருங்கும்படி பலகையை இழுத்து அடிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்கு வெட்கம். நாளெல்லாம் அவரிடம் நான் பேசியது அந்த 'ம்' ஒன்றுதான்.

அவருக்குப் பாட்டு வருவது தறியில் உட்கார்ந்திருக்கும்போதுதான். ஒரு வரி பாடுவார், நாடா போய் வரும், பலகை அடிக்கும், அடுத்த வரி வரும். அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. தெலுங்குக்காரர், எண்ணெய்க்கடை வைத்திருந்தார். நன்றாக ஆர்மோனியம் வாசிப்பார். மத்தியானத்தில் கடையை மூடிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். என்னை அவர்கள் வழக்கப்படி 'வதினா' என்பார். அண்ணி என்று அர்த்தம். இரண்டு பேருமாக மாதக்கணக்கில் நாலு பாட்டையும் தேய்த்துத் தேய்த்துப் பழகினார்கள், தறி ஓட ஓட.

அதில் ஒரு பாட்டின் மெட்டு மட்டும் எங்கள் ஊர் மெட்டு. நான் பிறந்தது தாமல். ஏரிக்குக் கீழே நடவு நடும் பெண்கள் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவள். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், எங்கள் ஊரில் எப்படிப் பாடுவார்கள் என்று அவர் கேட்க, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பாடிக் காட்டினேன். அந்த மெட்டுக்கு அவர் சொந்தமாகச் சொல் போட்டார்.

ஏரி நெறஞ்சாச்சு,
மடையத் தொறக்கலாமா,
தூரத்துல நிக்கிறவளே,
துணி நனையக் கூடாதா.

சேற்றில் இறங்காமல் வரப்பிலேயே நிற்கிற ஒருத்தியைப் பற்றின பாட்டு. யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மதராஸில் ஒருவர் வீட்டு மாடியில் பாட்டுப் பதிவு செய்யும் அறை வைத்திருந்தார். பதிவு செய்து, தட்டாகவும் அடித்து வாங்கித் தருவார். அவர் எங்களுக்கு ஒரே ஒரு பகல் கொடுத்தார். அமாவாசையன்று வருகிறோம் என்று இவர் சொல்லிவிட்டார். அமாவாசைக்கு எங்கள் பக்கம் தறி ஓடாது, அதனால் வேலை கெடாது. நான் மதராஸ் பார்த்ததில்லை என்பதால் என்னையும் கூட்டிப் போகிறேன் என்றார். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. நாலு ஆம்பளைங்க இருக்கிற இடத்தில் உனக்கு என்ன வேலை, போனால் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு வந்து சேர் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அத்தையின் பேச்சை மீறி அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது. நானும் அப்படியே செய்கிறேன் என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டியதிலிருந்தே எனக்குத் தலைசுற்றல். மாடிக்குப் போனதும் வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே கதவு, சுவர் எல்லாவற்றுக்கும் மெத்தை மாதிரி தைத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நடப்பது காதில் விழுந்தது.

பாட்டு கூடி வரவே இல்லை. அவர் ஒரு வரி பாடிவிட்டு நிற்பார். நின்ற இடத்தில் ஒன்றுமே இருக்காது. வெறும் பள்ளம். அந்த ஊர் தபேலாக்காரர் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆர்மோனியக்காரர் பள்ளத்தை மூடுவதற்கு எதையாவது வாசித்துவைப்பார். அதைக் கேட்டு இவர் தடுமாறிப் பிந்தி வருவார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். வீட்டில் பழகினபோது தறி ஓடிக்கொண்டே இருந்ததால் பாட்டில் இவ்வளவு ஓட்டை இருப்பது எங்கள் யாருக்கும் தெரியவே இல்லை. தறி இல்லாமல் ஒரு தடவையாவது பாடிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாடும்போதெல்லாம் அவருடைய வலதுகை தானாகப் பக்கத்தில் நீண்டு நீண்டு வந்ததாம். மைக்கு தாங்கியை இரண்டு தடவை இடித்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

மத்தியானமும் ஆகிவிட்டது. ஒரு பாட்டுகூட முடியவில்லை. அவர் வெளியே வந்து சொம்புத் தண்ணீரைக் குடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் ஆசைப்பட்டது இந்தப் பகலோடு போய்விடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது.

அந்த அறைக்காரர் நல்ல மனுஷர். கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் பாடும்போது எப்படி உட்கார்ந்து பாடுவீர்கள் என்று கேட்டார். ஆர்மோனியக்காரர்தான் பதில் சொன்னார்.

"தறியில உக்காந்துக்கினு பாடுவாரு சார். பக்கத்துல வதினா இருப்பாங்க."

"அவங்க வந்திருக்காங்களா?"

"இதோ, பெஞ்சு மேல."

நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கிட்டே வந்து மெல்லச் சொன்னார்.

"நீ ஒண்ணும் பாட வேணாம்மே. சும்மா வந்து குந்து. அது போதும்."

போனேன். தரையில் பாய் போட்டு, மைக்கை இறக்கிவைத்தார்கள். அவர் உட்கார்ந்தார். வலதுகைப் பக்கம் நான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஏரி நெறஞ்சாச்சு என்று தொடங்கினார். வரி முடிந்ததும் கை என் பக்கம் வந்தது. நான் 'ம்' என்றேன். வேண்டுமென்றே சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. அவர் சட்டென்று அடுத்த வரியைப் பிடித்துவிட்டார். ஐயோ, கெடுத்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறைக்காரர் இரண்டு கையையும் ஆட்டி, கொடும்மா, கொடு என்று சைகை காட்டினார். பிறகு வரிக்கு வரி கொடுத்தேன். நாலு பாட்டும் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் ஆர்மோனியக்காரர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு வா என்றுதான் அத்தை சொல்லி அனுப்பினார்கள். நானோ ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி உள்ளே போய்க் குரல் கொடுத்துவிட்டு வருகிறேன்.

கொஞ்ச நாள் கழித்து மாதிரிக்கு ஒரு தட்டு வந்தது. எங்களிடம் போட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. கடைத்தெருவில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த பாய் கடைக்குப் போனோம். பாய் தட்டை வேட்டி முனையால் துடைத்து, முள்ளை எடுத்து வைத்தார்.

என் குரலை வெளியிலிருந்து கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பாட்டு ஓடஓட, மெல்ல முந்தானையை இறக்கினேன். எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. கூரை வழியாக வரும் வெயில், ஊறவைத்த பட்டின் வாடை, அத்தை இராட்டை சுற்றுவது எல்லாமே அந்தத் தட்டுக்குள் இருந்தன. ஆனால் தறியில் உட்கார்ந்திருக்கும்போது அதையெல்லாம் நான் இப்படிக் கேட்டதே இல்லை.

பாட்டு முடிந்ததும் அவர் சொன்னார், அறைக்காரர் கேட்டு அனுப்பியிருக்கிறார், உனக்கு வேண்டாம் என்றால் இன்னொரு நாள் போய், உன் குரல் வருகிற இடத்தில் புல்லாங்குழல் வைத்துப் பாடிவிட்டு வந்துவிடுகிறேன், மற்றத் தட்டெல்லாம் இன்னும் அடிக்கவில்லையாம்.

என் குரல் அதில் வராமல் போய்விட வேண்டும் என்று நான் எத்தனையோ சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டபோது மட்டும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

"இருந்துட்டுப் போவட்டும்" என்றேன்.

"அம்மா கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாய் குனிந்து தட்டை உறையில் போட்டுக்கொண்டே, குழல் எல்லாப் பாட்டிலும்தான் வருகிறது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னேனே தவிர, சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆடி மாதமும் வந்துவிட்டது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் ரிக்கார்டைப் போடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அதிலும் பாய்க்கு ஒரு குழப்பம்.

"காலையில சாமி பாட்டு, சாயங்காலம் சினிமா பாட்டு. இது ரெண்டுலயும் சேர்த்தி இல்லியேப்பா. எந்த டைம்ல போடறது?"

கடைசியில் இரண்டுக்கும் நடுவில், மத்தியானம் கூழ் ஊற்றும் நேரத்தில் போடலாம் என்றார்கள். அந்த நேரத்தில்தான் தெருவே பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

நானும் அத்தையும் குண்டானோடு நின்றோம். வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள், எங்கள் தலைக்கு நேர் மேலே. பாய் மைக்கைப் பிடித்து, இது நம்ம தெருப் பிள்ளை பாடின புது ரிக்கார்டு என்று மட்டும் சொன்னார். ஏரி நெறஞ்சாச்சு. 'ம்'. குழாயில் அது என்னமாய்க் கேட்டது! கூழ் ஊற்றுகிறவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். மடையத் தொறக்கலாமா. 'ம்'. வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அத்தை குண்டானை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"யாரு அது நடுவுல நடுவுல?"

"நான்தான் அத்தே."

என் குரல் சத்தமாகத்தான் வந்தது. பத்துப் பேர் காதில் விழுந்திருக்கும்.

"வெளிய குந்தச் சொல்லி அனுப்பிச்சா, பாடிட்டு வந்துக்கிறியா?"

பின்னால் நின்ற எதிர்வீட்டு அக்கா விடுவாரா.

"அவ எங்கம்மா பாடனா? வாயத் தொறக்காமதானே சத்தம் குடுத்துக்கிறா. அதுக்குப் போய் கோவிச்சிக்கினா எப்படி?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. கூழை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். அன்று முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வீட்டுக்கு வந்ததும் அவரிடமும் பேசவில்லை. தெருவில் மட்டும், நான் தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம் பெண்கள் எதிரில் வந்து 'ம்' என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போடுவேன்.

மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்தோம். அத்தை எங்கள் பக்கத்திலேயே இராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாடா வந்தது, கோத்தேன். குரல் கொடுக்க வாய் வரவில்லை. ஊரே கேட்டு முடித்த பிறகு அதை எப்படிச் சொல்வது? அவர் பலகையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. பாடவும் இல்லை.

இராட்டை நின்றது. அத்தை தலையைத் தூக்காமலே சொன்னார்கள்.

"இன்னா, ரிக்கார்டுல மட்டுந்தான் சத்தம் வருமா? அவன் காத்துக்கினு குந்தியிருக்கான் பாரு."

சொல்லிவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் குரல் கொடுத்தேன். அவர் பலகையை இழுத்து அடித்தார்.

அந்த ரிக்கார்டு பெரிய பேர் ஒன்றும் எடுக்கவில்லை. எங்கள் தெருக் கல்யாணங்களில் போட்டார்கள், ஓரிக்கையில் ஒரு திருவிழாவில் போட்டதாகச் சொன்னார்கள். பாய் வைத்திருந்த தட்டு போட்டுப் போட்டுத் தேய்ந்து கரகரத்துப் போயிற்று. எங்களிடம் இருந்ததை வீடு மாற்றும்போது உடைத்துவிட்டோம்.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். பின்பக்கத்தில் முதலில் வருவது தாலாட்டா, சந்தைப் பாட்டா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் நீலம் என்று என் நினைவு, மகள் பச்சை என்கிறாள். நடவுப் பாட்டில் நான் எழுதின நாலு வரிக்கு மேலே இன்னும் வரி உண்டு. யார் வீட்டுப் பரணிலாவது அந்தத் தட்டு இருந்தால், ஒரு தடவை போட்டுக் கேட்டு, எது சரி என்று பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.