ஸாரி சாரின் கார்

காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் அவர் நேரே பக்கத்துக் காரிடம்தான் போவார். குனிந்து அதன் கதவைப் பார்ப்பார், விரல் நுனியால் தடவுவார், கீறல் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டி "ஸாரி" என்பார். இடிக்காத காருக்கு எதற்கு ஸாரி என்று குடியிருப்பின் காவலாளி ஒருநாள் கேட்டே விட்டார். "ரொம்பக் கிட்டத்துல வந்துட்டேன் இல்ல? பயந்திருக்கும்," என்றார் இவர். அன்று முதல் அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஸாரி சார் என்றே பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

ஸாரி சாருக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில், அலமாரி முழுக்க யார் யாருடைய தாடைகளோ பிளாஸ்டரில் வாய் பிளந்து நிற்க, நடுவில் இவர் உட்கார்ந்து மெழுகை உருக்கிக்கொண்டிருப்பார். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, கறை விழுந்த இடத்தைப் பார்த்து, அங்கே மட்டும் ஒரு தேய் தேய்ப்பார். அவ்வளவுதான், கடி கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அதே கை ஸ்டியரிங்கைப் பிடித்ததும் என்னதான் ஆகுமோ, லாரி போகிற தெரு ஊசிக்காதாகத் தெரியும். ஊசிக்காது கோட்டைவாசலாகத் தெரியும்.

குடியிருப்பின் கேட்டை அவர் இடித்திருக்கிறார். கேட்டைத் திறந்து வைத்த பிறகு, கேட் இல்லாத சுவரை இடித்திருக்கிறார். மருத்துவமனையின் பெரிய டாக்டர் புதுக் கார் வாங்கி வந்த அன்று, முதல் ஆளாக வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் அந்தப் புதுக் காரையே இடித்திருக்கிறார். விழுந்த அடிக்கெல்லாம் மெக்கானிக்கிடம் போனால் கட்டுப்படியாகுமா? பல்செட்டுக்கு ஈறு செய்கிற பிசினைக் குழைத்து அவரே பூசிவிடுவார். நல்ல உறுதியான பிசின்தான், நிறம்தான் கொஞ்சம் அப்படி. சாம்பல் நிறக் காரின் முன்மூலையிலும் பின்மூலையிலும் இளஞ்சிவப்பாக ஈறு தெரியும். "கார் சிரிக்குது சார்," என்பார் காவலாளி.

ஆனால் ஒன்று. அவர் கணக்கில் ஏறியிருக்கும் விபத்துகளில் பாதிகூட அவர் செய்தவை அல்ல. எல்லாம் அவர் வாய் செய்தவை.

அது தொழில் பழக்கம். புதுப் பல்செட் போட்டவர் வலி தாங்காமல் கோபத்தோடு வருவார். அவரிடம் போய் "உங்க ஈறு வீங்கியிருக்கு, சொன்னபடி நீங்க கழுவல" என்று நியாயம் பேசினால் அந்த ஆள் பல்லைக் கழற்றி மேஜைமேல் எறிந்துவிட்டுப் போவார். ஸாரி சாருக்கு அந்த வழக்கமே கிடையாது. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து இடது உள்ளங்கையில் விரித்து, வந்தவரின் வாய்க்கு நேரே நீட்டி, "தப்பு என்னோடதுதான், குடுங்க," என்பார். வந்தவரின் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிடும். மீதியை அரம் பார்த்துக்கொள்ளும். "வாய் அவங்களோடது, பல்லு என்னோடது. அப்ப வலிச்சா தப்பு யாரோடது?" என்று கேட்பார்.

பின்னறையில் இது நல்ல குணம். நடுரோட்டில் இது வினை. ரொட்டிக்கடை வேன் பின்னால் வந்து, நிறுத்தி வைத்திருந்த இவர் காரில் மோதியது. இவர் அப்போது காரிலேயே இல்லை, எதிர்க் கடையில் நகவெட்டி வாங்கிக்கொண்டிருந்தார். ஓடி வந்தவர், வேன் டிரைவர் வாயைத் திறப்பதற்குள், "தப்பு என்னோடதுதான். நான் இங்க நிறுத்தியிருக்கக் கூடாது," என்றார். வேன் டிரைவர் என்ன வேண்டாம் என்றா சொல்வார்? நஷ்டஈட்டுக் கிளெய்ம் இவர் தலையில் ஏறியது. இப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, காகிதத்தில் பார்த்தால் ஸாரி சாரைவிடப் பயங்கரமான டிரைவர் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. தங்களைத் தொடர்ந்து ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது. "பாரு, அவங்களும் ஸாரி சொல்றாங்க," என்றார் இவர், கொஞ்சம் நெகிழ்ந்துபோய். மனைவி கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். வெள்ளிக்கிழமையோடு இன்ஷூரன்ஸ் முடிகிறது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரைத் தெருவில் இறக்க முடியாது. அவள் முகம் சுண்டிவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். அவள் ஊர் ஓரத்தில் இருக்கும் முதியோர் விடுதியில் நர்ஸ். சாயங்காலம் போனால் காலையில்தான் வேலை முடியும். இவர் வீடு திரும்பும் நேரம் அவள் கிளம்பும் நேரம்; அவள் தூங்கும் நேரம் இவர் தாடைகளோடு இருக்கும் நேரம். ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் குடித்துவிட்டுப் போன கப்பை மற்றவர் கழுவுவதுதான் குடித்தனம். மிச்சமெல்லாம் காரில்தான். சாயங்காலம் கொண்டுபோய் விடும்போதும், காலையில் கூட்டி வரும்போதும் அவர்கள் பேசுவார்கள், அதாவது சண்டை போடுவார்கள். ஒழுகுகிற குழாய், பேசாமல் முறைத்துக்கொண்டு போன நாத்தனார், வாங்கியிருக்கவே கூடாத சோபா. கல்யாணமான புதிதில் தொடங்கிய ஒரு சண்டை இன்னும் சிக்னல் சிக்னலாக நடந்துகொண்டிருக்கிறது. விடுதி வாசலில் இறங்கும்போது, "மீதியைக் காலைல பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போவாள். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

அவளுடைய தம்பி விவரமான ஆள். "எதுக்குக்கா இந்தத் தலைவலி? தினம் ஒரு டாக்ஸி வெச்சுக்க. கணக்குப் பாத்தா அதுதான் மலிவு," என்றான்.

"டாக்ஸிக்காரன்கிட்ட நான் எப்படிடா சண்டை போடுறது?" என்றாள் அவள்.

எனவே இருவரும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டைப் பார்க்கப் போனார்கள். சலவைக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. கீழே இஸ்திரி போடும் ஆவி ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஏஜென்ட்டம்மா ஸாரி சாரின் கதையைக் கம்ப்யூட்டரில் படித்தாள். படிக்கப் படிக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க. அதுவாவது மழை வந்தாத்தான் கத்தும். நீங்க எல்லா நாளும் கத்தியிருக்கீங்களே!"

"தப்பு என்னோ..." என்று தொடங்கினார் இவர். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்தார்.

மூன்று வழி இருக்கிறது என்றாள் ஏஜென்ட்டம்மா. யாரை வேண்டுமானாலும் எடுக்கிற ஒரு கம்பெனி இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்கிற பிரீமியத்துக்கு இன்னொரு காரே வாங்கி இடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, பாலிசியை மனைவி பெயரில் எடுத்து, ஸ்டியரிங்கையும் அவளிடமே கொடுத்துவிடுவது. "அக்கா, நீங்களே ஓட்டலாமே?"

"நான் ஓட்டினா இவரு பக்கத்துல உக்காந்து, போற வர்ற வண்டிக்கெல்லாம் எனக்கும் சேத்து ஸாரி சொல்வாரு. வேற சொல்லும்மா."

மூன்றாவது வழி ஒரு பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதைக் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டிவிடுவார்கள். சடாரென்று பிரேக் போட்டால், வெட்டித் திருப்பினால், வேகமாகப் போனால் எல்லாம் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். ஒழுங்காக ஓட்டினால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சையாகவே வைத்திருந்தால் பிரீமியம் போகப் போகக் குறையும்.

ஸாரி சார் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க உள்ள பேசறது இதுக்குக் கேக்குமா?"

"கேக்காது சார்."

"கேட்டா கேக்கட்டுமே," என்றாள் மனைவி. "சோபா விஷயத்துல யாரு சொன்னது சரின்னு மூணாவது மனுஷனுக்கும் தெரியட்டும்."

ஏஜென்ட்டம்மா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கம்பெனியும் ரொம்ப யோசிச்சுத்தான் எடுக்குது சார். இன்னொரு தடவை நீங்களாப் போய்த் தப்பு என்னோடதுன்னு சொன்னீங்கன்னா, அதோட சரி. வேற யாரும் உங்களைத் தொட மாட்டாங்க. இடிச்சா இடிங்க, பரவாயில்ல. வாயை மட்டும் திறக்காதீங்க."

அன்றைய தினமே வீட்டில் பயிற்சி தொடங்கியது. மனைவி சமையலறையில் அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். "ஸாரி," என்றார் அவர்.

"என்னங்க, உங்க காலை நான் மிதிச்சா நீங்க என்ன சொல்லணும்?"

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். "உனக்கு வலிச்சுதா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடியும் மிதித்தாள். ஒரு வாரம் அவர் நொண்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். பின்னறையில் பிளாஸ்டர் தாடைகளை வரிசையாக வைத்து, அவற்றின்முன் வாயை மூடிக்கொண்டு நின்று பழகினார். அவையெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்க்க அவருக்கே பரிதாபமாக இருந்தது.

பெட்டியோடு மட்டும் அவருக்கு நல்ல சிநேகம் ஆகிவிட்டது. ஏறியதும் "வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளப்புவார். முதல் இரண்டு நாள் சிவப்பாக முறைத்தது. ஒவ்வொரு தடவையும் ஸாரி சொன்னார். அதற்குச் சொல்லலாம் என்று வீட்டில் அனுமதி இருந்தது. அப்புறம் எறும்பு ஊர்வதுபோல ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னால் வருகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தது. விளக்கு பச்சையாக நின்றது. பயணம் நீண்டதால் சண்டையும் நீண்டது. சோபா முடிந்து, அவருடைய தங்கை வளைகாப்புக்கு... சரி, அந்தக் கதை நமக்கெதற்கு. வீட்டுக்காரிக்கு மனசு நிறைந்திருந்தது என்பதுதான் விஷயம்.

அப்படி ஒரு சாயங்காலம். சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஸாரி சார் கோட்டுக்கு ஒரு காரளவு முன்னாலேயே, பூப்போல நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார், பச்சை. மனைவியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பின்னாலிருந்து 'டமால்' என்று ஒரு இடி. அவள் மடியிலிருந்த சாப்பாட்டுப் பை காலடியில் விழுந்தது. பின்பக்கத்து ஈறு பெயர்ந்து ரோட்டில் உருண்டது.

"தப்..." என்று அவர் வாய் தானாகத் திறந்தது.

"என்னங்க!" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லில் காலையும் சாயங்காலமும் அத்தனையும் இருந்தது. அவர் டப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

பின்காரிலிருந்து இறங்கியவர் கதவுநிலைக்குக் குனிந்து போகிற உருவம். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார். "ஏன்யா, கார் ஓட்டறியா, கட்டில்ல படுத்திருக்கியா? இப்படியா திடுதிப்புன்னு நிறுத்துவே?"

கத்தல் பெரிதுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸாரி சாரின் காது அதைப் பிடித்துக்கொண்டது. மேல் பல்செட். உட்காரவே இல்லை, 'திடுதிப்பு' என்று சொன்னபோது முழுசாக ஒரு முறை இறங்கி ஏறியது. இந்தப் பல்லை வைத்துக்கொண்டு மனிதர் எதைக் கடிப்பார், எதை மெல்லுவார்? வலது பக்கம் உயரமோ? எவன் செய்தானோ, பாவி! நாக்கு நுனியில் வந்து நின்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பல்லுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது.

"என்னய்யா என் வாயையே பாக்கறே? பேசு! தப்பு யாரோடது? சொல்லு!"

அவர் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகச் சொல்லவில்லை.

எதிர்ப்பேச்சு இல்லாமல் எவ்வளவு நேரம்தான் ஒருவர் கத்துவார்? பெரிய மனிதர் மூச்சு வாங்க நின்றார். சிக்னலைப் பார்த்தார், கூடியிருந்த நாலு பேரைப் பார்த்தார், தாடையைக் கையால் பிடித்து அழுத்திக்கொண்டார். "சரி விடுங்க," என்றார் இறங்கிய குரலில். "போனைப் பாத்துட்டு வந்தேன். சிவப்பு விழுந்ததை நான்தான் கவனிக்கல."

"இதையே இன்னொரு தடவை இந்த போன்ல சொல்லுங்க சார், வண்டி நம்பரையும் சேத்து," என்று அவள் போனை நீட்டினாள். அவரும் சொன்னார், டக் டக் என்ற சத்தத்தோடு. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தரையில் கிடந்த ஈறைப் பொறுக்கிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள். "வாங்க, நேரமாச்சு. மீதிச் சண்டை இருக்கு," என்றாள்.

அவர் வரவில்லை. சிக்னல் பச்சைக்கு மாறியது, பின்னால் ஹாரன்கள் அலறின. ஸாரி சார் வாயை இறுக்கி மூடியபடியே பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். அதை உதறி, இடது உள்ளங்கையில் விரித்து, அந்தப் பெரிய மனிதரின் வாய்க்கு நேரே நீட்டினார்.